மூடியின் கீழ்க்கோடு

என் மகளுக்கு நோய் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நிற்பவன் நான். படித்துவிட்டு, "பாவம், தெரியாமல் செய்துவிட்டார்" என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அதற்கென்றே உறவுக்காரர்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து போய்விட்டார்கள்.

வெண்ணிலாவுக்கு அப்போது இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. "அம்மா" என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கை நீட்டல், சிணுங்கல். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்ப மாட்டாள். மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். தூங்கினால் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "மாமனார் மாதிரி ஒறங்குது பாரு" என்று தெருவில் கேலி செய்வார்கள். நாங்களும் சிரிப்போம். குறட்டை விடுகிற பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

என் மனைவி செல்வி பால்வாடி டீச்சர். மாதா மாதம் ஊர்ப் பிள்ளைகளைத் தொங்கு தராசில் போட்டு எடை குறிக்கிறவள். பேச்சு வராததைக் காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டதும் அவள்தான். காது டாக்டர் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் டக் டக்கென்று சத்தம் கொடுத்து, அந்தச் சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மெஷின் பார்க்குமாம். வலி கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும்.

முதல் தடவை போனபோது அவள் தூங்கவில்லை. ஒயரைப் பிய்த்து எறிந்து கூப்பாடு போட்டாள். டெஸ்ட் சென்டரில் இருந்த பெண் எரிச்சலாகி ஒரு சீட்டைக் கொடுத்து மருந்துக் கடையைக் காட்டினாள்.

"அடுத்த வாட்டி வீட்லயே இந்தத் தூக்க மருந்தக் குடுத்துட்டு வாங்க. இங்க வந்து குடுத்தா தூங்குறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது, பின்னாடி கூட்டம் நிக்குது. மூடியில ரெண்டு கோடு இருக்கும் பாருங்க. கீழ்க்கோடு. வரும்போது தூங்கிட்டே வரணும்."

அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. எடை கேட்கவில்லை. செல்வி தானாகவே, "பத்து கிலோ இருக்கா மேடம்" என்றாள். அந்தப் பெண் நிமிரவில்லை. குறட்டை விடுவாளா, மூக்கடைப்பு உண்டா என்று கேட்கவில்லை. என்ன சாப்பிடலாம், சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் இல்லை நாங்கள். நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பிள்ளைகளிடம் மட்டும் கேள்வி கேட்பேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் இப்போது இல்லை. ஆனால் அந்தக் காலையில் என் கையைப் பிடித்து ஊற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு.

அப்பா பண்ணையாள். அறுப்புக் கூலி நெல்லாக அளப்பார்கள். மிராசுதாரின் காரியக்காரர் மரக்காலில் நெல்லை அள்ளி, ஒரு குச்சியால் மேலே வழித்துவிட்டு எங்கள் துண்டில் கொட்டுவார். அதற்குப் பேர் தலை தட்டுவது. அதே மரக்கால் எங்களிடமிருந்து கடன் நெல் வாங்கும்போது கும்பாரமாக நிற்கும், குச்சி அப்போது காணாமல் போய்விடும். அரைப் படி கூடுதல் கேட்டும், தலை தட்டக் கூடாது என்று கேட்டும் எங்கள் தெரு அறுவடையை நிறுத்தியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவை அடித்தார்கள். ஜெயிலில் போட்டார்கள். பிறகு ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, கொடி மாறியது, கடைசியில் எங்களுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு பட்டாவும் வந்தன. எல்லாம் வந்தபிறகும் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. யாருக்கு எதை அளந்தாலும் தலை தட்ட மாட்டோம். உப்பு கைமாற்றுக் கேட்டாலும் டம்ளர் வழிய வழியத்தான் கொடுப்போம். ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால், "தலை தட்டி அளக்குறவன்" என்றால் போதும். அதற்கு மேல் கெட்ட வார்த்தை எங்களிடம் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு டெஸ்ட். எட்டு மணிக்கே செல்வி பிள்ளைக்கு இரண்டு இட்லி ஊட்டி, பாலும் கொடுத்தாள். "வெறும் வயித்துல மருந்து குடுக்கக் கூடாது" என்பது அவள் தாய்மார்களுக்குத் தினமும் சொல்கிற பாடம். சத்து மாத்திரைக்கு அது சரி. இதற்கு அது நேர்மாறு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஒன்பது மணிக்கு, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், நான் மூடியில் மருந்தை ஊற்றினேன். கீழ்க்கோடு வரை ஊற்றியது அடியில், ஒரு சொட்டுக் கசடு போல இருந்தது. பெற்ற பிள்ளைக்கு, அதுவும் மருந்தில், இவ்வளவு கஞ்சத்தனமா என்று தோன்றியது. நான் பொய் சொல்லவில்லை, அப்படியேதான் தோன்றியது. விளிம்பு வரை ஊற்றினேன். அவள் பாதியை என் சட்டையில் துப்பினாள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. அதனால் இன்னொரு மூடி ஊற்றினேன், அதுவும் விளிம்பு வரை. இம்முறை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முழுங்கிவிட்டாள். செல்வி பின்கட்டில் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஊர் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு சரக்கு ரயில் போய், எஞ்சின் மாற்றி, இன்னொன்று வந்து, கேட் திறக்க முக்கால் மணி நேரம். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள் பஸ்ஸுக்குள் ஏறி இறங்கினார்கள். வெண்ணிலா செல்வியின் மடியில் தலை தொங்கத் தூங்கிவிட்டாள். குறட்டை பஸ் முழுக்கக் கேட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, பச்சப்புள்ள மோட்டார் ஓட்டுது?"

"மருந்து குடுத்துருக்கோம்ணே. டெஸ்ட்டுக்குப் போறோம்" என்றாள் செல்வி.

கோவில்வெண்ணி, அம்மாபேட்டை என்று பஸ் போனது. இருபுறமும் நடவு நடந்துகொண்டிருந்தது. சாலியமங்கலம் தாண்டியதும் குறட்டை நின்றது.

"அப்பாடா, இப்பத்தான் நல்லாத் தூங்குறா" என்றேன்.

இதை நான் என் வாயால் சொன்னேன். செல்வியும் தலையாட்டினாள். பிள்ளையின் கழுத்து மடிந்து, தாடை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நிமிர்த்தினால் விழித்துவிடுவாள் என்று நாங்கள் தொடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி வந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தஞ்சாவூரில் இறங்கும்போது செல்வி தோளில் மாற்றினாள். அப்போதுதான் உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாக இருப்பதைப் பார்த்தோம். வாயிலிருந்து பால் திரிந்து வழிந்தது. இட்லித் துணுக்கும் இருந்தது.

டெஸ்ட் சென்டருக்குத்தான் முதலில் ஓடினோம். அங்கேதானே டாக்டர் இருப்பார்கள் என்று நினைத்தோம். அங்கே ஒரு மெஷினும் அந்தப் பெண்ணும்தான் இருந்தார்கள். ஆக்சிஜன் இல்லை. அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

"இங்க வச்சுக்கிட்டு எங்க தலையில கட்டப் பாக்காதீங்க. மொதல்ல தூக்கிட்டுப் போங்க. போங்கங்க!"

வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் பிள்ளையைப் பிடுங்கி, குப்புறச் சாய்த்து, முதுகில் தட்டினார். கொஞ்சம் வெளியே வந்தது. ஒரு இழுப்பு இழுத்தாள். ஆஸ்பத்திரி வரை செல்வி அவள் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். தொண்டைக்குள் குழாய் செருகினார்கள். மூச்சு மெஷின் ஒன்றே ஒன்று, அதில் வேறு பிள்ளை இருந்தது. அதனால் குழாயின் மறுமுனையில் ரப்பர் பை ஒன்றை மாட்டி என் கையில் கொடுத்தார்கள். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். பிள்ளைக்குப் பதிலாக நாங்கள் மூச்சு விட வேண்டும். நானும் செல்வியும் மாற்றி மாற்றி, அன்று பகல் முதல் மறுநாள் மாலை வரை.

நான் முழுக் கையால் அமுக்கினேன். நர்ஸ் என் புறங்கையில் பட்டென்று அடித்தார்.

"யோவ், என்ன பண்ற? இது என்ன சைக்கிள் பம்பா? நெறைய அடிச்சா நுரையீரல் கிழிஞ்சிடும். ரெண்டு வெரலு, நெஞ்சு லேசா எழும்புனா போதும். அளவா செய்யத் தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. அதுதான் என் வியாதி. அந்த நர்ஸுக்கு அது எப்படித் தெரிந்தது என்று இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

பெரிய டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். முதல் நாளே கேட்டார்.

"என்ன மருந்து, எவ்வளவு குடுத்தீங்க? பாட்டில் எங்க?"

பாட்டில் என் பேன்ட் பையில் இருந்தது. வெளியே தொட்டால் தெரியும்.

"பாட்டில் வீட்ல இருக்கு மேடம். கீழ்க்கோடு வரைக்கும்தான் குடுத்தேன்" என்றேன்.

"சாப்பாடு?"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் மேடம் இட்லி குடுத்தேன். வெறும் வயித்துல குடுக்கக் கூடாதுன்னு..."

டாக்டர் பெருமூச்சு விட்டார். மயக்கத்தில் தொண்டை தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால்தான் வெறும் வயிறு என்று சொன்னார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நிம்மதி. அன்று சாயங்காலம் வந்த என் தங்கையிடம், "இட்லி குடுத்துட்டா தங்கச்சி, அதான்" என்றேன். மறுநாள் வந்த மாமனாரிடமும் அதையே சொன்னேன். அவர் தன் மகளை வார்டில் எல்லோர் முன்பும், "படிச்ச முண்டமே" என்றார். செல்வி ரப்பர் பையை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அளவு முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை வெண்ணிலா தானாக மூச்சு விட்டாள். குழாயை எடுத்தார்கள். ஆனால் கண் விழிக்கவில்லை. முனகல் மட்டும். காய்ச்சல் கொதித்தது. டாக்டர் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கீழ்க்கோடு அளவுக்கு இவ்வளவு ஆழமா, இவ்வளவு நேரம் மயக்கம் இருக்காதே. வேற ஏதோ இருக்கு. மூளைக்காய்ச்சலான்னு பாத்துடணும்."

மூளைக்காய்ச்சல் என்றால் மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கிருமி சேர்வது. அந்த நீர் முதுகெலும்புக்குள்ளும் ஓடுகிறது. நடுமுதுகுக்குக் கீழே ஊசி குத்திச் சில சொட்டு எடுத்துப் பார்த்தால் தெரியும். அதற்குப் பிள்ளையை இறாலைப் போல வளைத்து, முழங்காலும் நெற்றியும் தொடும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். அன்று ஆள் குறைவு. கால்களை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, "விளிம்பு வரைக்கும், ரெண்டு மூடி". ஊசியைக் கையில் எடுக்கும்போது சொல்லியிருக்கலாம். செல்வி கதவுக்கு வெளியே நின்றாள். மாமனார் அவள் பக்கத்தில் நின்றார். நான் கால்களைப் பிடித்தேன்.

ஊசி போனதும் பிள்ளை விழித்துவிட்டாள். அலறினாள், ஆனால் சத்தம் வரவில்லை. குழாய் கிடந்த தொண்டை வீங்கியிருந்தது. வாய் மட்டும் திறந்திருந்தது. முதலில் இரத்தம் கலந்து வந்தது, அது உதவாது என்றார்கள். ஒரு எலும்பு தள்ளி மறுபடியும் குத்தினார்கள். நான் பிடியைத் தளர்த்தவில்லை. "நல்லாப் புடிச்சீங்க சார்" என்று பாராட்டினார் சின்ன டாக்டர்.

நீர் தெளிவாக வந்தது. கிருமி இல்லை.

நான்காம் நாள் காலை, துவைக்க என் பேன்ட்டை எடுத்துக்கொண்டு செல்வி குழாயடிக்குப் போனாள். பாதிக்கு மேல் காலியான பாட்டிலோடு திரும்பி வந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எடை குறிக்கிற பெண் அல்லவா, கணக்குப் போட அவளுக்கு நேரமாகவில்லை.

"எத்தன மூடி?"

"ரெண்டு. ஒன்னுல பாதி துப்பிட்டா செல்வி."

"கோடு வரைக்குமா?"

பாட்டிலை வாங்கக் கை நீட்டினேன்.

"எங்கப்பா என்னய முண்டம்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். பேன்ட்டை ஈரத்தோடு என் மடியில் போட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். திட்டவில்லை.

"மொத நாளே சொல்லியிருந்தா புள்ளைக்கு அந்த ரெண்டு ஊசி இல்ல. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க. மத்தது எதுவும் மாறியிருக்குமான்னா, எனக்குத் தெரியாது."

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அதே டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதற்காகவாவது யாராவது இதைப் படிக்க வேண்டும். தூக்கம் வேறு, மருந்து கொடுத்த மயக்கம் வேறு. தூங்குகிற பிள்ளை மூச்சு முட்டினால் தானாகப் புரளும். மயங்கிய பிள்ளை புரளாது, நாக்கு பின்னால் சரிந்து அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் செத்துப்போகும். அதனால் இந்த மருந்தை வீட்டிலோ வழியிலோ கொடுக்கவே கூடாது. டெஸ்ட் எடுக்கும் இடத்தில், எடை பார்த்து, அளவு போட்டு, மூச்சையும் நாடியையும் விடாமல் பார்க்க ஒரு ஆளும் ஆக்சிஜனும் இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். குறட்டை, மூக்கடைப்பு, சளி எதுவானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் பட்டினி என்று கேட்டு அதன்படி வைக்க வேண்டும். துப்பினால் நாமாக இரண்டாவது தடவை கொடுக்கக் கூடாது. டெஸ்ட் முடிந்தாலும், பிள்ளை நன்றாக விழித்து, நம்மைப் பார்த்து, தண்ணீர் குடிக்கும்வரை தூக்கிக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. ஏறினால் கழுத்து தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். "யாராவது வீட்ல குடுத்துட்டு வாங்கன்னா, மாட்டேன்னு சொல்லுங்க" என்றார். எங்கள் தெரு, மிராசுதாரிடமே மாட்டேன் என்று சொன்ன தெரு. ஒயர் பிடித்த ஒரு பெண்ணிடம் சொல்லத் தெரியவில்லை.

பத்து மாதம் கழித்து அந்தக் காது டெஸ்ட்டை வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தோம். எடை பார்த்தார்கள். நர்ஸ் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு துளியைத் திருப்பிவிட்டுக் கொடுத்தார். விரலில், மூச்சு குறைந்தால் காட்டிக்கொடுக்கும் கிளிப் மாட்டினார்கள். டெஸ்ட் முடியும்வரை அவர் பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செல்வி அந்த நர்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிவு வந்தது. காதில் ஒரு குறையும் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சுத் தாமதமாக வருமாம். காத்திருந்தால் போதுமாம்.

காத்திருக்கவில்லை நாங்கள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. மூளைக்குக் காற்று போகாத அந்த நேரத்தின் பாக்கி, இடது கை மடங்கியே இருக்கிறது, இடது காலை இழுத்து நடக்கிறாள். வலிப்பு வருகிறது. அதற்குத் தினம் காலையும் மாலையும் ஒரு சிரப்பு. மூடியில்தான், இதிலும் இரண்டு கோடு.

அந்த மருந்தைச் செல்வி ஊற்றுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் ஊற்றும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். என்னோடு வேறு பேச்சு அதிகம் கிடையாது, ஆனால் காலையும் மாலையும் இதை மட்டும் சொல்லாமல் விட்டதில்லை.

"தலை தட்டி அளங்க."

காரியக்காரரின் வார்த்தை. அப்பா எதற்காக அடி வாங்கினாரோ அந்த வார்த்தை. நான் குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, கூடுதலாக விழுந்த துளியைத் திருப்பி ஊற்றி, அளப்பேன்.

போன வாரம் செல்விக்குப் பயிற்சி முகாம், விடிந்ததும் கிளம்பிவிட்டாள். நானும் பிள்ளையும் மட்டும்தான். மூடியில் ஊற்றினேன். பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. மூடியை அவள் வாயருகே கொண்டு போனேன். வெண்ணிலா வாயை மூடிக்கொண்டாள். நல்ல கையால் மூடியைத் தள்ளிப் பிடித்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோணிய வாயால், மெதுவாக, அவள் அம்மாவின் குரலில் சொன்னாள்.

"தலை தத்தி."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு துளி கூடுதலாகத்தான் இருந்தது. திருப்பி ஊற்றிவிட்டுக் கொடுத்தேன்.